கூட யார் வந்திருக்கிறார்கள்?

பார்வை இழந்த ஒருவர் பொழுதைக் கழிக்க எங்கே போனாலும் முதலில் காதில் விழும் கேள்வி இதுதான்: "கூட யார் வந்திருக்கிறார்கள்?" பெரும்பாலும் அதை அவரிடம் கேட்பதில்லை. அவர் தலைக்கு மேலாகப் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துக் கேட்பார்கள்.

என் பெரியப்பாவுக்கு வயது 67. புதுச்சேரி முதலியார்பேட்டைக்காரர், பஞ்சாலையில் வேலை பார்த்தவர். சர்க்கரை நோய் விழித்திரையைப் பாதித்ததில் 58 வயதில் பார்வை மங்கத் தொடங்கி, இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். குடும்பம் அவரை நன்றாகவே கவனித்துக்கொண்டது. மாத்திரை நேரத்துக்கு வந்தது, சாப்பாடு தட்டுக்கு வந்தது. சாயங்காலம் மட்டும் யார் கணக்கிலும் வரவில்லை. 5 மணிக்கு மேல் இந்த மனிதர் என்ன செய்வார் என்று நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை.

சென்ற ஆண்டு அவரை ஒரு படகுத் துறைக்கு அழைத்துப் போனேன். டிக்கெட் கொடுப்பவர் என்னிடம், "அவருக்குக் கண் தெரியாதே, படகில் போய் என்ன பார்க்கப் போகிறார்?" என்றார். கிண்டல் இல்லை, மெய்யாகவே புரியாமல்தான் கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் பெரியப்பா குறுக்கிட்டார். "டிக்கெட்டைக் கிழியுங்கள் தம்பி. என்ன பார்ப்பது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

தமிழில் 'பார்' என்ற சொல்லைக் கண்ணுக்கு மட்டும் எழுதிக்கொடுத்தவர் யாரும் இல்லை. தொட்டுப் பார்க்கிறோம், கேட்டுப் பார்க்கிறோம், குழம்பில் உப்புப் பார்க்கிறோம். மொழிக்குத் தெரிந்தது டிக்கெட் கவுன்டருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

டிக்கெட் கிடைத்தது. ஆனால் படகில் ஏறும் பலகைக்குக் கைப்பிடி இல்லை. உயிர்காப்பு உடையை எப்படி மாட்டுவது என்பது சுவரில் படமாக மட்டும் இருந்தது. படகோட்டி வழி முழுக்க "அதோ பாருங்கள், அங்கே பாருங்கள்" என்று கையை நீட்டிக்கொண்டே வந்தார். பெரியப்பாவால் உள்ளே நுழைய முடிந்தது, மற்றவர்களோடு சேர முடியவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பற்றிப் பேசும்போது பயன்படுத்தும் சொல்தான் 'அணுகல்'. ஓர் இடமோ செயலோ அணுகத்தக்கது என்றால், அதில் பார்வையற்றவரும் தானே முடிவெடுத்து, தன் வசதிக்கு வந்து, மற்றவர்களைப் போலவே பங்கெடுத்துவிட்டுப் போகலாம் என்று பொருள். கூட ஒருவர் வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டால் முடியாது என்ற நிலை இருக்கக் கூடாது.

முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவுபடுத்திக்கொள்வோம். 'கண் தெரியாதவர்' என்றதும் முழு இருட்டைத்தான் நினைக்கிறோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இதை இரண்டாகப் பிரிக்கிறது. பார்வையே இல்லாதவரும், கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணின் பார்வைத்திறன் 3/60க்குக் கீழே உள்ளவரும், பார்வைப் புலம் (ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் பரப்பு) 10 டிகிரிக்குள் சுருங்கிவிட்டவரும் பார்வையற்றவர்கள். 3/60 என்றால், மற்றவர்களுக்கு 60 மீட்டரில் தெரிவது இவருக்கு 3 மீட்டரில்தான் தெரியும். அதற்கு மேல் 6/18 வரை உள்ளவர்கள் குறைபார்வை உடையவர்கள். இந்த இரண்டாம் வகையினர் படும் பாடு தனி. கைத்தடி இருக்காது, கறுப்புக் கண்ணாடி இருக்காது, படியில் தடுமாறினால் "பார்த்து வரக்கூடாதா?" என்று திட்டு வாங்குவார்கள். இவர்களுக்குப் பல இடங்களில், விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெய்ல் வேண்டியதில்லை. படியின் விளிம்பில் ஒரு மஞ்சள் பட்டை, பெரிய எழுத்து, கூசாத வெளிச்சம் இருந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

பொழுதுபோக்குக்கான தடை வீட்டு வாசலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கச்சேரி, புத்தகக் கண்காட்சி, கோவில் விழா எல்லாவற்றுக்கும் இப்போது அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் படமாக வருகிறது. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்ற வசதிகள் திரையில் உள்ள எழுத்தை வாசித்துக் காட்டும். பெரியப்பா விரலை வைத்தார் என்றால் யார் அனுப்பியது, எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிடும். அழைப்பிதழுக்கு வந்ததும் "படம்" என்று ஒரே சொல்லோடு நின்றுவிடும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலிகள் இருக்கின்றன. ஆனால் பூவேலைக்கு நடுவே வளைத்து வளைத்து எழுதிய தமிழில் அவையும் திணறும். அனுப்புகிறவர் படத்துக்குக் கீழே நாள், நேரம், இடம் என்று இரண்டு வரி தட்டச்சு செய்தால் போதும். செலவு ஒரு பைசா இல்லை.

பிறகு போக்குவரத்து. இதில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் ஒரு பழைய வசதி உண்டு: கண்டக்டரின் குரல். பெருநகரங்களில் லட்சக்கணக்கில் செலவழித்து ஒலி அறிவிப்புக் கருவி பொருத்துகிறார்கள். இங்கே படியில் தொங்கிக்கொண்டே "அரியாங்குப்பம், தவளக்குப்பம், கடலூர்" என்று ஒருவர் சும்மாவே கூவுகிறார். ஊருக்குள் ஓடும் டெம்போவிலும் இதே கதைதான். எண்ணைப் பார்த்து ஏற வேண்டிய பஸ்தான் பெரியப்பாவுக்குச் சிரமம், கூவுகிற வண்டி எளிது.

இப்போது கடற்கரை. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வாகனங்களுக்கு அனுமதி இல்லை. இதைக் கொண்டுவந்தவர்கள் பார்வையற்றவர்களை மனத்தில் வைத்துச் செய்திருக்க வாய்ப்பில்லை. நடைபயிற்சிக்காரர்களுக்காகவும் சுற்றுலாவுக்காகவும் செய்தது. ஆனால் கைத்தடியோடு நடப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை. சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு, ஹாரன் இல்லாத, அகலமான, சமமான தரை. திசைகாட்டியும் இலவசம்: தெற்கு நோக்கி நடந்தால் கடல் இடது காதில், திரும்பினால் வலது காதில். அலை கருங்கல்லில் மோதும் ஓசை வேறு, மணலில் விரியும் ஓசை வேறு. துறைமுகக் கட்டுமானத்துக்குப் பிறகு மணல் அரித்துப்போய்ப் பல ஆண்டுகள் இங்கே கல் மட்டுமே இருந்தது. கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கிய பிறகு தலைமைச் செயலகத்துப் பக்கம் மணல் மீண்டும் சேர்ந்தது. பெரியப்பா அந்த இடத்தைத் தாண்டும்போது, "இங்கே கல் முடிகிறது" என்று சொல்லிவிடுவார்.

அதே மனிதரைக் கடலூர் தேவனாம்பட்டினத்தில் வெள்ளிக் கடற்கரைக்கு அழைத்துப் போனால் கதை வேறு. கடல் அதே கடல்தான். ஆனால் மணலில் கைத்தடி புதைகிறது. தடியால் தட்டித் தட்டிப் போக ஒரு விளிம்பு வேண்டும்: சுவரோ, நடைபாதையின் ஓரமோ, ஒரு கயிறோ. பரந்த மணலில் அப்படி எதுவும் கிடையாது. 20 அடி நடந்ததும் வந்த திசை மறந்துபோகும். அவரிடம் குறை எதுவும் கூடிவிடவில்லை, இடம்தான் மாறியது. இயலாமையின் ஒரு பகுதி உடம்பில் இருக்கிறது, இன்னொரு பகுதி தரையில் இருக்கிறது என்று இதற்காகத்தான் சொல்கிறார்கள். தண்ணீர் வரைக்கும் ஒரு மரப்பலகைப் பாதையும் ஓரத்தில் ஒரு கயிறும் போட்டால் இரண்டாம் பகுதி காணாமல் போய்விடும்.

நடைபாதைகளில் மேடுமேடாக மஞ்சள் ஓடுகள் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் செய்இச்சி மியாகே என்பவர் 1965இல் உருவாக்கி, 1967இல் ஒகயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டவை. நீளக் கோடுகள் இருந்தால் 'இப்படியே போ' என்று பொருள்; வட்டப் புள்ளிகள் இருந்தால் 'நில், முன்னால் ஏதோ இருக்கிறது'. நம் ஊர்களில் அழகுக்குப் பதித்த கோடுகள் நேராகப் போய் மின்கம்பத்தில் முட்டுவதைக் கண்டிருக்கிறேன். பொய் சொல்லும் வழிகாட்டியைவிட வழிகாட்டியே இல்லாமல் இருப்பது மேல்.

வீட்டுக்குள் வருவோம். எனக்கு அணுகல் என்ற பாடம் சரியாகப் புரிந்தது ஒரு பல்லாங்குழிப் பலகையில்தான்.

மழை நாள் ஒன்றில் பெரியம்மா பரணிலிருந்து பலகையை இறக்கினார். இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு, மொத்தம் 14 குழிகள். சோழிகளில் பாதி தொலைந்து, மீதிக்குப் புளியங்கொட்டை. பெரியப்பாவை விளையாடச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவராகவே பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். குழியை விரல் அறியும், காயை உள்ளங்கை எண்ணும், விழும் ஓசையில் ஒவ்வொரு காயும் கணக்குச் சொல்லும். கண்ணுக்கு இதில் வேலையே இல்லை. ஒரு பொருளை யாருக்கும் தனியாக மாற்றியமைக்காமல், எல்லோரும் பயன்படுத்தும்படியாகவே செய்வதை 'அனைவருக்குமான வடிவமைப்பு' என்கிறார்கள். நம் பாட்டிகள் அந்தப் பெயர் தெரியாமலே ஆடிக்கொண்டிருந்தார்கள். நீளமான பித்தளைத் தாயக்கட்டையும் அப்படித்தான். குழித்த புள்ளிகளை விரலால் தடவினாலே ஒன்றா மூன்றா என்று தெரிந்துவிடும்.

ஆனால் மூன்றாவது சுற்றில் சண்டை வந்தது. பெரியப்பா தன் காயை எங்கே முடிப்பது என்று கணக்குப் போடப் பெரியம்மாவின் குழிகளைத் தடவிப் பார்த்தார். "எதிராளி குழியில் கை வைக்கக் கூடாது, அதுதானே ஆட்டம்" என்று பெரியம்மா கையைத் தட்டிவிட்டார். எங்கள் வீட்டு விதி அதுதான், பெரியம்மா பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் பெரியம்மாவால் 14 குழிகளையும் ஒரு பார்வையில் எண்ண முடியும். பெரியப்பாவுக்கு அந்தப் பார்வைதான் விரல். கொஞ்சம் முறைத்துக்கொண்ட பிறகு புது விதி பிறந்தது: தன் முறை வரும்போது ஒருமுறை எல்லாக் குழியையும் தடவலாம், காயை எடுக்கக் கூடாது. இப்படி ஆட்டத்தின் உயிரைக் கெடுக்காமல் ஒருவருக்காக விதியை அளவோடு மாற்றுவதற்குச் சட்டத்தில் 'நியாயமான இடமளிப்பு' என்று பெயர். சலுகையாக யாரும் அவருக்குக் காய் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது பசு. அன்றைக்குப் பசு எடுத்தது அதிகமாகப் பெரியம்மாதான்.

உலகச் சதுரங்கம் இதே தீர்வைத்தான் எழுதி வைத்திருக்கிறது. பார்வையற்றோர் ஆடும் பலகையில் கறுப்புக் கட்டங்கள் சற்று உயரமாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துளை, ஒவ்வொரு காய்க்கும் அடியில் ஒரு முனை. கறுப்புக் காய்களுக்குத் தனி அடையாளம். சதுரங்கத்தில் தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது கடுமையான விதி. தொட்டுத்தான் பார்க்க முடியும் என்பவருக்கு அது என்ன ஆகும்? காயைத் துளையிலிருந்து வெளியே எடுத்தால்தான் 'தொட்டது' என்று திருத்திக்கொண்டார்கள். விதி அப்படியே இருக்கிறது, 'தொடுதல்' என்ற சொல்லின் பொருள் மட்டும் நகர்ந்தது.

சீட்டாட்டத்துக்கு இன்னும் குறைவான ஏற்பாடு போதும். சீட்டின் மூலையில் இரண்டு பிரெய்ல் எழுத்து: ஒன்று எண்ணுக்கு, ஒன்று இஸ்பேட்டா ஆட்டினா என்பதற்கு. எப்படிப் பிடித்தாலும் விரலில் படும்படி எதிர் மூலையிலும் அதையே குத்தவேண்டும். பிரெய்ல் என்பது ஆறே புள்ளிகளில் எழுதும் முறைதான். 52 சீட்டுக்கு வேண்டிய எழுத்துகளை ஒரு வாரத்தில் பழகிவிடலாம். மற்றபடி ஒரே ஒழுங்கு: சீட்டைக் கீழே போடுகிறவர் "கிளாவர் ஒன்பது" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் இப்போது பார்வை உள்ளவர்கள் மட்டும் ஆடும்போதும் சொல்லிக்கொண்டேதான் போடுகிறார்கள். பழகிவிட்டது.

வெளியே ஓடியாட விரும்புகிறவர்களுக்குப் பார்வையற்றோர் கிரிக்கெட் இருக்கிறது. பந்து பிளாஸ்டிக், உள்ளே குண்டுகள் உருண்டு ஓசை எழுப்பும். கையைத் தாழ்த்தித்தான் வீசவேண்டும். பந்து நடு ஆடுகளத்தைத் தாண்டும் முன்பே ஒருமுறையாவது தரையில் படவேண்டும். இல்லையென்றால் வரும் ஓசை காதுக்கு எட்டாது. முழுப் பார்வையின்மை உள்ள ஆட்டக்காரர் எடுக்கும் ஓட்டம் இரட்டிப்பாகக் கணக்கில் சேரும். அணியில் அப்படிப்பட்டவர்கள் நால்வராவது இருந்தாக வேண்டும். இதன் முதல் உலகக் கோப்பை 1998இல் டெல்லியில் நடந்தது. பெண்களுக்கான முதல் டி20 உலகக் கோப்பையை 2025 நவம்பரில் இந்தியா வென்றது.

சினிமாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நம் ஊரில் யாரும் மன்னிக்கமாட்டார்கள். வசனம் காதில் விழுகிறதே, போதாதா என்று கேட்பவர்கள் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு ஒரு சண்டைக் காட்சியைக் கேட்கட்டும். யார் யாரை அடித்தார்கள் என்றே தெரியாது. கதாநாயகி கடிதத்தைப் படித்துவிட்டு எதுவும் பேசாமல் அழுதால் அரங்கமே உச்சுக்கொட்டும், பெரியப்பா பக்கத்தில் இருப்பவரைத் தொட்டு "என்ன ஆயிற்று?" என்பார். பின்வரிசையிலிருந்து "உஷ்" என்று வரும். இதற்குத் தீர்வு ஒலி விவரணை. வசனங்களுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் ஒரு குரல் காட்சியைச் சுருக்கமாகச் சொல்லும்: "கடிதத்தை மடித்து அடுப்பில் போடுகிறாள். ஓரம் கருகுகிறது." அவ்வளவுதான். அவள் வருந்துகிறாள் என்று அந்தக் குரல் சொல்லக்கூடாது. அது கேட்பவரின் வேலை. திரையரங்கில் போன் செயலி படத்தின் ஒலியைக் கேட்டு இடத்தைக் கண்டுபிடித்து, இயர்போனில் விவரணையை ஒலிக்கும். பக்கத்து இருக்கைக்குத் தொந்தரவு இல்லை. மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் திரையரங்குகளுக்கான நெறிமுறைகளை வெளியிட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் சான்றிதழ் பெறும் படங்களில் முதலில் இதைத் தொடங்கச் சொன்னது.

வாசிப்பில் இந்தியா கொஞ்சம் முன்னே நிற்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தத்தால், அச்சைப் படிக்க இயலாதவர்களுக்காக ஒரு புத்தகத்தை ஒலியாகவோ பிரெய்லாகவோ மாற்ற உரிமையாளரின் அனுமதி தேவையில்லை. இப்படி மாற்றிய புத்தகங்களை நாடு விட்டு நாடு பகிர்ந்துகொள்ள 2013இல் மராகேஷ் உடன்படிக்கை வந்தது. 2014இல் அதை முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. 2016இல் தொடங்கிய 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகத்தில் பதிவுசெய்துகொண்டு வீட்டிலிருந்தே எடுத்துப் படிக்கலாம். பெரியப்பாவுக்குப் புத்தகத்தைவிட வானொலிதான் இஷ்டம். அதுவும் அவர் விருப்பம். பார்வை போய்விட்டால் அறிவு வளர்க்கும் பொழுதுபோக்குத்தான் வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

இருக்கும் சட்டம் இதுதான்: 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவு பண்பாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்பதை உரிமையாகச் சொல்கிறது, 30ஆம் பிரிவு விளையாட்டைப் பற்றியது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்த ராஜீவ் ரதுரியும் பார்வையற்றவர்தான்.

கூட வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை, நானே பல நாள் தப்பாகச் செய்தது இது. பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, முதுகில் கைவைத்துத் தள்ளவும் கூடாது. உங்கள் புறங்கையால் அவர் கையை லேசாகத் தொட்டால், அவர் உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொள்வார். நீங்கள் அரையடி முன்னே நடக்கிறீர்கள். படி வந்தால் ஒரு நொடி நின்று, "படி, இறங்குகிறது" என்றால் போதும். உங்கள் உடம்பு இறங்குவதை அவர் கை முன்கூட்டியே உணர்ந்துவிடும். நாற்காலியில் அமுக்கி உட்கார வைக்கவேண்டாம், அதன் முதுகில் அவர் கையை வைத்துவிடுங்கள். ஒரு கடையில் நிறுத்திவிட்டு நழுவுவதாக இருந்தால் சொல்லிவிட்டுப் போங்கள். காற்றோடு பேசிக்கொண்டிருந்ததை அவர் பிறகு தெரிந்துகொள்ளும் நிமிடம் மிகவும் கசப்பானது.

பணமும் இதில் ஒரு பகுதி. 100 ரூபாய்த் தாளில் முக்கோணமும் 500 ரூபாய்த் தாளில் வட்டமும் புடைப்பாக அச்சிட்டிருக்கும், பழைய தாளில் அது தேய்ந்துபோயிருக்கும். ரிசர்வ் வங்கி 2020இல் வெளியிட்ட 'மணி' என்ற செயலி தாளைக் கேமராவில் காட்டினால் மதிப்பைச் சொல்லும். அதை அவர் போனில் ஏற்றித் தந்தது நான்தான். அதன் விளைவைப் போன மாதம் அனுபவித்தேன்.

ஒரு சனிக்கிழமை மாலை பெரியம்மா பதறிப்போய்ப் போன் செய்தார், பெரியப்பாவை வீட்டில் காணோம் என்று. அவருக்கு அழைத்தேன். மூன்றாவது மணியில் எடுத்தார். பின்னால் அலையும் கூட்டமும் கேட்டன. ரயில் நிலையம் வரை டெம்போ, அங்கிருந்து ஆட்டோவாம். இத்தனையும் தெரிந்த நான் அப்போது கேட்டது: "கூட யார் வந்திருக்கிறார்கள்?"

"சுண்டல்காரர் நிற்கிறார்" என்றார். "மாங்காய் போடச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அப்புறம் பேசு." வைத்துவிட்டார்.